பள்ளியில் ரோபோ செய்யக் கற்றுத்தரும் அடல் லேப்: யாருக்கு, எவ்வளவு, எப்படிக் கேட்பது?

ரோபோட்டிக்ஸ் வகுப்பு என்ற போர்டு இன்று சென்னை அண்ணா நகரிலும் இருக்கிறது, பெரம்பூரிலும் இருக்கிறது. கட்டணம் தனி, கிட்டுக்குப் பணம் தனி. அதே மோட்டாரும் சென்சாரும் அரசுப் பணத்தில் வாங்கப்பட்டு, பிள்ளை படிக்கும் பள்ளியிலேயே இருக்கக்கூடும் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. அந்தத் திட்டத்தின் பெயர் அடல் டிங்கரிங் லேப்.

மத்திய அரசின் நிதி ஆயோக்கின் கீழ் வரும் அடல் புத்தாக்க இயக்கம் 2016இல் தொடங்கிய திட்டம் இது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கானது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் கிடைக்கும். 10 லட்சம் கூடம் அமைக்கவும் கருவிகள் வாங்கவும். மீதி 10 லட்சம், அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குள் நடத்தும் செலவுக்கு.

அந்த இரண்டாவது 10 லட்சத்தைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். கெட்டுப்போன பாகத்தை மாற்ற, தீர்ந்துபோன ஒயரும் பேட்டரியும் வாங்க, போட்டி நடத்த, வழிகாட்டிக்கு மதிப்பூதியம் தர என்று ஒதுக்கிய தொகை அது. பிள்ளைகள் பொருளைக் கையாண்டால் உடையத்தான் செய்யும் என்று தெரிந்தே அரசு அதற்கும் பணம் வைத்திருக்கிறது. அதனால் 'உடைத்துவிடுவார்கள்' என்று கருவிகளைப் பீரோவில் பூட்டி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, அறக்கட்டளை அல்லது சங்கம் நடத்தும் தனியார் பள்ளி என எல்லாமே விண்ணப்பிக்கலாம். நிதி ஆயோக் அழைப்பு விடுக்கும்போது பள்ளி நிர்வாகம்தான் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதுவரை நடந்த சுற்றுகளில் கேட்கப்பட்ட முக்கிய நிபந்தனை, சமவெளிப் பகுதிப் பள்ளி என்றால் குறைந்தது 1,500 சதுர அடி இடம். சென்னையின் பழைய பள்ளிகளுக்கு இதுதான் பெரிய தடை.

சரி, கூடத்தில் என்ன இருக்கும்? எலக்ட்ரானிக்ஸ், ரோபோட்டிக்ஸ், சென்சார் பொருட்கள், முப்பரிமாணப் பிரின்டர், ஸ்க்ரூ டிரைவர் முதல் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் வரையான கைக்கருவிகள், பாதுகாப்புச் சாதனங்கள். இவற்றை வைத்து பெரும்பாலும் முதலில் செய்வது கோடு ஒன்றைப் பின்தொடரும் வண்டி. வெள்ளை சார்ட்டில் கறுப்பு டேப் ஒட்டி, அடியில் அகச்சிவப்பு சென்சார் பொருத்திய வண்டியை அதன்மேல் விடுவார்கள். வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு டேப் விழுங்கிவிடும். அந்த வித்தியாசத்தைப் பார்த்து இடமா வலமா என்று ஆர்டுயினோ போர்டு (நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) முடிவெடுக்கும். அதற்கான நிரலை மாணவரே எழுத வேண்டும்.

கற்றல் நடப்பது வண்டி ஓடாதபோதுதான். மோட்டாரை நேராக போர்டின் இணைப்பு முனையில் (பின்) இணைத்தால் ஓடாது. அந்த முனை தருவது சில பத்து மில்லி ஆம்பியர், மோட்டாருக்குத் தேவை அதைப்போலப் பல மடங்கு. மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தரும் மோட்டார் டிரைவர் நடுவில் எதற்கு என்று அப்போது புரியும். செவ்வகமான 9 வோல்ட் பேட்டரியைப் போட்டால் வண்டி கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும். ஏன் என்று மல்டிமீட்டரை வைத்து ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்தால், ஓம் விதி அதற்கு ஜென்மத்துக்கும் மறக்காது. ஆசிரியர் மேஜையில் வண்டி ஓட, நாற்பது பேர் எட்டிப் பார்ப்பது இந்தத் திட்டத்தின் நோக்கமே அல்ல.

உங்கள் பள்ளியில் லேப் இருந்தால், வாரத்தில் எந்தப் பீரியட் என்று கால அட்டவணையைப் பார்த்துக் கேளுங்கள். பொறுப்பாசிரியர் யார், 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே போகிறார்களா, போட்டிக்குத் தேர்வானவர்கள் மட்டும்தானா என்றும் கேளுங்கள். அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்பலாம். அந்தக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். மானியம் பெற்ற பள்ளி செலவுக் கணக்கையும் பயன்பாட்டுச் சான்றையும் அடல் இயக்கத்துக்குத் தர வேண்டும். பள்ளியில் பதில் வரவில்லை என்றால், மத்திய அரசின் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) இணையதளத்தில் 10 ரூபாய் கட்டி நிதி ஆயோக்கிடமே கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் முதலில் பொறுப்பாசிரியரிடம் பேசிப் பாருங்கள். அறிவியல் பாடம், தேர்வு வேலை, அப்புறம் இந்த லேப் என எல்லாம் ஒருவர் தலையில்தான் பல இடங்களில் விழுகிறது.

லேப் இல்லாத அரசுப் பள்ளி என்றால், அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 லேப்கள் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்திருக்கிறது. விண்ணப்ப அழைப்பு வந்ததா என்று கவனிக்கும்படி தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இடையில் 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் வானவில் மன்றம் உண்டு. 2022 நவம்பரில் தொடங்கியது; கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து அறிவியல், கணிதச் செய்முறைகளைச் செய்து காட்டுகிறார்கள். ரோபோ பயிற்சிக்கு அது மாற்று இல்லை, நல்ல அடித்தளம்.

படித்து முடித்து வேலையில் இருப்பவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. அடல் இயக்கத்தின் இணையதளத்தில் வழிகாட்டியாகப் பதிவு செய்தால், வாரம் ஓரிரு மணி நேரம் ஒரு பள்ளி லேபில் சொல்லித் தரலாம். ஓஎம்ஆர் அலுவலகங்களில் நிரல் எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் எந்த சென்சார் கிடைக்கும் என்று தெரிந்தவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். தமிழில் பொறுமையாகச் சொல்லித் தரும் ஒருவர் வந்தாலே, அந்தப் பொறுப்பாசிரியருக்குப் பாதிப் பாரம் இறங்கும்.