காய்ந்த ரொட்டி காயவே இல்லை

புதிய ரொட்டித் துண்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கி எழும்பும். மூன்று நாள் கழித்து அழுத்தினால் விறைத்து நிற்கும், ஓரம் உதிரும். ஈரம் வற்றிவிட்டது என்று குப்பையில் போட்டுவிடுகிறோம்.

பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ 1852-லேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். காற்றுப் புகாமல் அடைத்து, ஈரம் குறையாமல் வைத்திருந்த ரொட்டியும் இறுகிப்போனது. அதையே சூடாக்கியபோது மீண்டும் மென்மையானது. தண்ணீர் உள்ளேயேதான் இருந்திருக்கிறது!

இதற்குக் காரணம் மாவுச்சத்து. அடுப்பில் வேகும்போது மாவுச்சத்து மணிகள் தண்ணீரைக் குடித்து உப்புகின்றன. அவற்றின் ஒழுங்கான படிக அமைப்பு குலைகிறது. ஆறும்போது, மாவுச்சத்தில் உள்ள அமைலோஸ் என்ற மூலக்கூறு சில மணி நேரத்தில் இறுகிவிடும். சுடச்சுட அறுத்தால் பிசைந்துபோகும் ரொட்டி, ஆறியபின் சீராக அறுபடுவது அதனால்தான். மாவுச்சத்தின் இன்னொரு மூலக்கூறான, கிளை கிளையாகப் பிரிந்த அமைலோபெக்டினுக்கு அவசரமில்லை. நாள்கணக்கில் மெல்ல வரிசைகட்டி மறுபடியும் படிகமாகிறது. இதற்கிடையே உள்ளிருக்கும் ஈரத்தில் கொஞ்சம் மேலோட்டுக்கு நகர்கிறது. ஆக, ஒரே ரொட்டி உள்ளே விறைக்கிறது, வெளியே நமத்துப்போகிறது.

இந்தப் படிகமாதல் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃபிரிட்ஜின் குளிரில். நானும் பல காலம் ரொட்டியை அங்கேதான் பத்திரப்படுத்தினேன். பூஞ்சணம் தாமதமானது உண்மை, ஆனால் ஒரே நாளில் கட்டையாகிவிடும். மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் மூலக்கூறுகள் ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடுகின்றன. வாங்கிய அன்றே துண்டு போட்டு, காற்றுப் புகாமல் சுற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். இறுகும்வரை காத்திருந்து வைத்தால் இறுகிய ரொட்டிதான் திரும்பக் கிடைக்கும். எடுத்த துண்டை அப்படியே டோஸ்டரில் போடலாம்.

இறுகியதை மீட்கவும் வழி உண்டு. 60 டிகிரியைத் தாண்டியதும் அமைலோபெக்டின் படிகங்கள் உருகத் தொடங்கும். மேலே லேசாகத் தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் போதும். ஆறினால் மறுபடி இறுகிவிடும் என்பதால், சாப்பிடும் அளவுக்கு மட்டும் சூடாக்குவது நல்லது.

சில வேலைகளுக்குப் பழைய ரொட்டிதான் தோது. பாலும் முட்டையும் கலந்ததில் நனைத்தால் புதுத் துண்டு கூழாகிப் பிய்ந்துவிடும். இறுகிய துண்டு உறிஞ்சிக்கொண்டும் உருக்குலையாது. ரொட்டித்தூள் செய்வதானால் மிதமான சூட்டில் மொறுமொறுவென்று உலர்த்திய பிறகே பொடிக்க வேண்டும். அரைகுறை ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூஞ்சணம் வந்துவிடும்.

பூஞ்சணம் பிடித்த ரொட்டியை மட்டும் காப்பாற்ற முயல வேண்டாம். மேலே தெரியும் பச்சைப் புள்ளி ஒரு பகுதிதான். கண்ணுக்குத் தெரியாத இழைகள் துளைகளின் வழியே உள்ளே ஓடியிருக்கும். சில பூஞ்சைகளின் நச்சு டோஸ்டர் சூட்டுக்கும் அழியாது. முகர்ந்தும் பார்க்க வேண்டாம். வித்துத்துகள்கள் மூச்சோடு உள்ளே போய்விடும்.