கல்லுப்பு ஏன் வெடிக்கிறது?

பேரனுக்குத் திருஷ்டி சுற்றிய கல்லுப்பைத் தணலில் போட்டால் படபடவென்று வெடிக்கிறதே, சத்தம் கூடக்கூடக் கண்ணேறும் கூடுதல் என்று பெரியவர்கள் சொல்வது உண்மையா என்று சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கண்ணேறுக்கும் அந்தச் சத்தத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் அயனிகளால், அதாவது மின்சுமை ஏற்ற அணுக்களால், ஆன உப்பு போன்ற சேர்மங்களின் முக்கியமான இயல்புகள் சில அந்தச் சத்தத்தில் ஒன்றுசேர்கின்றன.

சோடியம் ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகவும், குளோரின் அதைப் பெற்று எதிர்மின் அயனியாகவும் மாறுவதை உயர்நிலைப் பள்ளியிலேயே படித்திருப்போம். உப்புப் படிகத்தில் ஒவ்வோர் அயனியையும் எதிர் மின்சுமை கொண்ட ஆறு அயனிகள் சூழ்ந்து நிற்கின்றன. எக்ஸ் கதிர்களின் துணையோடு இந்த அடுக்கை 1913இல் கண்டறிந்தவர்கள் ப்ராக் என்னும் தந்தையும் மகனும். எல்லாத் திசைகளிலும் இழுத்துப் பிடித்திருக்கும் இந்த ஈர்ப்பை வென்று உப்பை உருக்க 801 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அயனிகளின் மின்சுமை இரட்டிப்பாக இருக்கும் மக்னீசியம் ஆக்சைடுக்கோ 2,800 பாகைக்கும் மேல் தேவை. உப்போ அதன் உருகுநிலையை எட்டுவதற்கு வெகுமுன்பே வெடித்துவிடுகிறது. ஆகவே காரணம் உப்புக்குள் அடைபட்டிருக்கும் வேறொன்று.

அது நீர். தூத்துக்குடி, வேதாரண்யம் போன்ற இடங்களின் உப்பளங்களில் வெயிலில் நீர் வற்றும்போது, வளரும் படிகத்தின் விளிம்புகளும் மூலைகளும் முகத்தின் நடுப்பகுதியைவிட விரைவாக வளர்வதுண்டு. நடுவில் பள்ளம் விழுகிறது. பிறகு அதன்மேல் உப்புப் படிந்து மூடிக்கொள்ளும்போது துளியளவு உப்புநீர் உள்ளே சிறைப்படுகிறது. தேக்கா சந்தையில் வாங்கிய கல்லுப்பில் ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சில பகுதிகள் கண்ணாடிபோல் தெளிந்தும், சில பகுதிகள் பால்போல் வெளுத்தும் இருக்கும். அந்த வெண்மையில் பெரும்பகுதி, கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத நீர்ப்பைகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது.

சூடேறும்போது இந்த நீர், தன்னைச் சூழ்ந்துள்ள படிகத்தைவிடப் பல மடங்கு விரிவடைய முயல்கிறது. விரிய இடமின்றி அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. உலோகமாக இருந்தால் சற்று வளைந்து இடம் கொடுத்திருக்கும். தணலின் திடீர்ச் சூட்டில் உப்பால் அப்படி வளைந்துகொடுக்க இயலாது. ஓர் அயனி அடுக்கு ஓர் அயனியின் தொலைவு, அதாவது ஏறத்தாழ 0.28 நானோமீட்டர், நகர்ந்தாலே சில திசைகளில் நேர்மின் அயனிக்கு எதிரே நேர்மின் அயனியும், எதிர்மின் அயனிக்கு எதிரே எதிர்மின் அயனியும் வந்து நிற்கின்றன. அதுவரை இழுத்துப் பிடித்திருந்த அதே மின்விசை இப்போது விலக்கித் தள்ள, படிகம் தட்டையான தளங்கள் வழியே பிளந்து, அடைபட்ட நீர் ஆவியாகச் சீறி வெளியேறுகிறது. நாம் கேட்கும் சத்தம் இதுதான். தெறித்த துண்டுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பல துண்டுகளின் முனைகள் செங்கோணமாக இருப்பதைக் காணலாம். இத்தனை இறுக்கமாகப் பிடித்திருக்கும் அதே விசை படிகத்தை இத்தனை எளிதில் உடைத்துவிடும் இந்த முரணை நான் எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் வியப்பு குறைவதில்லை.

ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில் கல்லுப்பு கசிந்து நீர் விடுவதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தாலே சமையல் உப்பு நீரை ஈர்க்கத் தொடங்கும். கல்லுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகுமுன்பே ஈர்க்கும். அந்த நீர் மேற்பரப்பில் இருப்பதால் சூடுபட்டதும் பெரும்பாலும் வெடிப்பின்றி ஆவியாகிவிடுகிறது.

குழந்தை நலமாக இருக்க வேண்டும் என்ற பாட்டியின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சத்தத்தை வைத்துப் பக்கத்து வீட்டாரின் பொறாமையை அளப்பது, குற்றமற்ற ஒருவர்மீது பழி சுமத்துவதாகும். அதை அந்தப் பேரனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஐயம் இருந்தால், யாரையும் சுற்றாத ஒரு பிடி கல்லுப்பைக் காய்ந்த வாணலியில் போட்டு, தெறிப்பு கண்ணில் படாதபடி மூடி, சூடாக்குங்கள், அதுவும் வெடிக்கும். சத்தம் அடங்கியபின் ஆறவிட்டு, அதே உப்பை அதே அளவு சூட்டில் மீண்டும் வைத்தால் ஏறக்குறைய அமைதியாகவே கிடக்கும், ஏனெனில் வெடிக்கவேண்டிய நீர்ப்பைகள் முதல் முறையிலேயே திறந்துவிட்டன.