தள்ளுவண்டியும் காவடியும் ஒரே பட்டறையில்: எதை முன்கூட்டியே செய்து வைப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் இரும்புப் பட்டறை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். செம்பனைக் குலை ஏற்றும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி அங்கே வருஷம் முழுக்க ஓடும் சரக்கு, எல்லாம் ஒரே அளவு. அதே வெல்டர்தான் வீட்டு கேட், ஜன்னல் கிரில், தைப்பூசத்துக்குக் காவடிச் சட்டம் எல்லாவற்றையும் அவரவர் கேட்ட அளவில் செய்து தருகிறார். இந்த இரண்டு வகை வேலையும் ஒரே ஆள் கையில் விழும்போதுதான் தேதி தவறுகிறது. ஆள் சோம்பேறி என்பதால் இல்லை, திட்டம் இல்லை என்பதால்.

முதல் கேள்வி எந்த ஆர்டரை முதலில் எடுப்பது என்பதல்ல. ஆர்டர் வருவதற்கு முன்னால் எந்தக் கட்டம் வரை செய்து வைக்கலாம் என்பதுதான். தள்ளுவண்டியைக் கடைசி வரை முடித்து அடுக்கி வைக்கலாம், யார் வாங்கினாலும் அதே வண்டிதான். கேட்டை அப்படிச் செய்ய முடியாது, வாசலை அளக்காமல் குழாயை வெட்டினால் வீண். ஆனால் கீல், பூட்டுத் தகடு, மேலே வைக்கும் ஈட்டி முனை எல்லாம் எந்த கேட்டுக்கும் பொருந்தும். காவடியிலும் தோளிலும் இடுப்பிலும் உட்காரும் பகுதிக்குத்தான் ஆள் அளவு வேண்டும், மேல் வளைவுகளை முன்பே வளைத்து வைக்கலாம்.

இதில் ஒரு கணக்கு லாபம் ஒளிந்திருக்கிறது. நாலு டிசைன் கேட்டுக்கு நாலு விதக் கீல் என்றால், ஒவ்வொன்றுக்கும் தேவை ஏறி இறங்குவதைச் சமாளிக்க 10 உபரி வைக்கிறீர்கள், ஆக 40. எல்லாவற்றுக்கும் ஒரே கீல் என்று மாற்றினால் 20 போதும். ஒன்று கூடும்போது இன்னொன்று குறைந்து ஈடுகட்டிவிடும், அந்த ஏற்ற இறக்கம் நாலு மடங்காகாமல் நாலின் வர்க்கமூலமான இரண்டு மடங்கோடு நிற்கும். டிசைன்களின் தேவை ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் இது சரி, தீபாவளிக்கு முன்னால் எல்லாமே சேர்ந்து ஏறும்போது இந்தக் கணக்கு நிற்காது. இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் ஸ்வெட்டர்களைச் சாயமில்லாமல் பின்னி வைத்து, எந்த நிறம் விற்கிறது என்று பார்த்த பிறகு சாயம் போட்டதும் இதே காரணத்துக்காகத்தான். அப்படிச் செய்தால் ஒரு ஸ்வெட்டருக்கு ஆகும் செலவு கூடும், இருந்தும் விற்காத நிறங்கள் தேங்காததால் கட்டுப்படியானது.

சரி, மீதி வேலை? வெல்டர் முன்னால் வரிசை. ஆர்டர்கள் ஒழுங்கில்லாமல் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் வேறு. இப்படிப்பட்ட ஒற்றை ஆள் வரிசைக்கு உள்ள எளிய சூத்திரப்படி, வெல்டரின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் ஒரு ஆர்டர், ஒரு வேலையை முடிக்க ஆகும் நேரத்தைப் போலச் சராசரியாக 4 மடங்கு நேரம் காத்திருக்கும். 90 சதவீதத்தில் அது 9, 95 சதவீதத்தில் 19. ஒரு வேலைக்கு 3 மணி நேரம் என்றால் 12 மணி நேரக் காத்திருப்பு 57 மணி நேரமாகிவிடுகிறது, கூடுதலாக வாங்கிப்போட்ட வேலையோ வெல்டரின் மொத்த நேரத்தில் 15 சதவீதம்தான்! ஆள் சும்மா இருக்கக்கூடாது என்று ஆர்டரை அள்ளிப்போடும் முதலாளிகள் இந்த எண்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அதற்காக மிச்ச 20 சதவீதத்தை வீணாக்கச் சொல்லவில்லை. அங்கேதான் தள்ளுவண்டி உதவிக்கு வருகிறது. அளவு வேலை இல்லாத நேரத்தில் வண்டி செய்யலாம், கேட் ஆர்டர் வந்தால் கையிலிருக்கும் வண்டியை முடித்துவிட்டு மாறிக்கொள்ளலாம், அடுக்கில் சரக்கு இருப்பதால் தோட்டத்துக்காரர் காத்திருக்கப் போவதில்லை. அளவு வேலைக்கு முதலிடம், வண்டிக்கு இடைவெளி, இவ்வளவுதான் விதி.

வாடிக்கையாளரிடம் சொல்லும் தேதியும் கணக்கிலிருந்து வர வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி ரொம்ப எளிது: கையிலிருக்கும் ஆர்டர்களை, ஒரு நாளில் சராசரியாக முடிக்கும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி நாள் கிடைக்கும். கையில் 30, நாளுக்கு 5 என்றால் 6 நாள். 60 சேர்ந்த பிறகும் வருகிறவர் எல்லாரிடமும் "ஒரு வாரம்" என்றே சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. கேட் இல்லாத வாசலோடு தீபாவளி கொண்டாடப்போவது அவர்கள் குடும்பம்.

அளவு வேலைக்கு முதலிடம் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அடுக்கில் இருக்கும் வண்டி ஒரு அளவுக்குக் கீழே போனால் அப்போது வண்டிக்குத்தான் முதலிடம். நாளுக்கு 3 வண்டி விற்று, புதுத் தொகுதி முடிய 4 நாள் ஆகும் என்றால் 12, அதோடு திடீர்த் தேவைக்கு 5, ஆக 17. செம்பனை மகசூல் உச்சத்தைத் தொடும் செப்டம்பர், அக்டோபரில் இந்த எண்ணை ஏற்றியாக வேண்டும். தீபாவளி கேட் வேலையும் அப்போதுதான் குவியும் என்பதால், அந்த வண்டிகளைத் தைப்பூசம் முடிந்து பட்டறை ஓய்ந்திருக்கும் மாதங்களிலேயே அடித்து வைத்துவிடுவது நல்லது.