யாரும் தொடாமலேயே பொய்யாகிப்போகும் பக்கங்கள்

பைத்தான் நிரல்மொழிக்கு யாரோ எழுதிய பழைய கையேட்டில் இப்படி இரண்டு வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

>>> 3 / 2
1

முதல் வரி நாம் தட்டுவது. அடுத்தது கணினி தரும் விடை. பைத்தான் 2 புழங்கிய நாட்களில் இது முற்றிலும் சரி. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஈவு மட்டும்தான் கிடைக்கும், மீதி உதிர்ந்துவிடும். 2008 டிசம்பரில் பைத்தான் 3 வெளிவந்தது. அதில் இதே கணக்குக்கு விடை 1.5. கையேட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனாலும் புதிய பதிப்பை வைத்திருப்பவருக்கு அது பொய் சொல்லத் தொடங்கிவிட்டது.

நிரலில் பிழை வந்தால் ஓட்டம் நின்றுவிடும், பத்துப் பேர் புகார் செய்வார்கள். ஆவணத்தில் பிழை வந்தால் பெரும்பாலும் சத்தமே வராது. கற்க வந்தவர் தவறு தன்னுடையது என்று எண்ணி எழுந்து போய்விடுவார். அப்படி எழுந்து போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். தன்னார்வலர்கள் நடத்தும் பல கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் உதவி மையம் என்று ஒன்று கிடையாது. புதியவரை வாசலில் வரவேற்பது ஆவணம்தான்.

பைத்தான் திட்டம் இந்தச் சிக்கலை எதிர்கொண்ட விதம் அழகானது. 1989 வாக்கில் திட்டம் தொடங்கியதிலிருந்து அதன் ஆவணங்கள் லாடெக் என்ற அச்சுக்கோப்பு முறையில் எழுதப்பட்டன. அச்சிட்டுப் படிக்கும் காலத்துக்கு அது பொருத்தம்; இணையப் பக்கமாக மாற்றுவதோ பெரும்பாடு. பைத்தான் 2.6 உருவாகிவந்தபோது கியோர்க் பிராண்டில் இதற்கென ஒரு கருவியைக் கட்டினார். 2008-இல் வெளியான அதன் பெயர் ஸ்பிங்ஸ். எவரும் திறந்து திருத்தக்கூடிய எளிய உரைக்கோப்புகளை வாங்கிக்கொண்டு, முழு வலைத்தளத்தையும் அது கட்டித் தருகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலும் 2016-இல் தன் ஆவணங்களுக்கு இதையே எடுத்துக்கொண்டது.

அந்த உரைக்கோப்புகள் மூலநிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில்தான் இருக்கின்றன. ஒருவர் ஒரு செயற்கூறின் (நிரலில் குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் பகுதி) நடத்தையை மாற்றினால், அதை விளக்கும் பத்தியையும் அதே திருத்தத்தில் மாற்றி அனுப்பலாம். சரிபார்ப்பவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். ‘பதிப்பு 3.9-இல் சேர்ந்தது’ போன்ற ஒற்றை வரிக் குறிப்பும் அப்போதே எழுதப்படும். பழைய 3.8-ஐ வைத்துக்கொண்டு, ‘எனக்கு மட்டும் ஏன் ஓடவில்லை?’ என்று திணறுபவரை அந்த ஒரு வரி காப்பாற்றிவிடும்.

இணைப்புகளைக் கையாள்வதில் இன்னொரு நுட்பம் உண்டு. எழுதுபவர் பக்கத்தின் முகவரியைத் தர வேண்டியதில்லை; செயற்கூறின் பெயரைச் சொன்னால் போதும். கதவு எண் தெரியாவிட்டாலும் பெயரை வைத்தே வீட்டைக் கண்டுபிடிக்கும் ஊர்த் தபால்காரர்போல, அது எந்தப் பக்கத்தில் விளக்கப்பட்டிருக்கிறது என்று ஸ்பிங்ஸ் தேடி இணைத்துவிடும். நாளை அந்த விளக்கம் வேறு பக்கத்துக்குக் குடிபெயர்ந்தாலும், தளத்தை மறுபடி கட்டும்போது இணைப்பு தானாகவே பின்தொடரும். ஸ்பிங்ஸ் தன்னிடமுள்ள பெயர்கள், முகவரிகள் எல்லாவற்றையும் ஒரு பட்டியல் கோப்பாக வெளியிடுவதால், எண்கணக்குகளுக்கான நம்பை போன்ற வேறு திட்டத்தின் ஆவணமும் பைத்தான் ஆவணத்துக்குள் இப்படிப் பெயர் சொல்லியே நுழையலாம்.

இனி அந்த 3 / 2. டிம் பீட்டர்ஸ் எழுதிய டாக்டெஸ்ட் என்ற கருவி 2001-இல் வந்த பைத்தான் 2.1 முதலே மொழியுடன் சேர்ந்து வருகிறது. அது ஆவணத்தைப் படித்துக்கொண்டே போகும். மூன்று அம்புக்குறிகளைக் கண்டதும் நின்று, அடுத்துள்ள கட்டளையை உண்மையாகவே இயக்கிப் பார்க்கும். வந்த விடையையும் கீழே எழுதியிருக்கும் விடையையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ‘எதிர்பார்த்தது 1, கிடைத்தது 1.5’ என்று வரி எண்ணோடு சொல்லிவிடும். ஓசையில்லாமல் கிடந்த பிழைக்கு இங்கே குரல் கிடைக்கிறது. சில விடைகள் ஒவ்வொரு முறையும் மாறக்கூடியவை, நினைவக முகவரி அப்படிப்பட்டது. அந்த இடத்தில் மூன்று புள்ளிகளை வைத்து, ‘இங்கே எது வந்தாலும் சரி’ என்று கருவிக்குச் சொல்லிவைக்க வழியிருக்கிறது.

எடுத்துக்காட்டைச் சுற்றியுள்ள விளக்கம் புரிகிறதா என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அதற்கு மனிதர் வேண்டும். மொழிபெயர்ப்பில் இது பளிச்சென்று தெரியும். பைத்தான் ஆவணத்தை ஜப்பானியம் போன்ற பிற மொழிகளில் வெளியிடும் முறை 2017-இல் வகுக்கப்பட்டது. மூலம் பத்தி பத்தியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே மொழிபெயர்ப்பு எழுதப்படுகிறது. ஆங்கிலப் பத்தியில் ஒரு சொல் மாறினாலும், மொழிபெயர்ப்புக் கோப்பைப் புதுப்பிக்கும்போது பழைய மொழிபெயர்ப்பின் மேல் ‘ஐயத்துக்குரியது’ என்ற குறி விழுகிறது. தளத்தில் அந்தப் பத்தி மட்டும் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். காலாவதியான ஜப்பானிய வரியைவிடச் சரியான ஆங்கில வரி மேல் என்ற முடிவு அது. எனக்கு அதில் முழு உடன்பாடு. பிறகு எங்கோ ஒரு தன்னார்வலர் அந்தக் கோப்பைத் திறக்கிறார். இரண்டு பத்திகளையும் ஒப்பிட்டு, மாறிய சொல்லைத் திருத்தி, குறியை நீக்குகிறார். அடுத்த முறை தளம் கட்டப்படும்போது அந்தப் பத்தி மறுபடியும் ஜப்பானிய மொழியில் வருகிறது.