வலை வீசிச் சாகும் வெள்ளணு

"வெள்ளணு கூடியிருந்தால் உடம்பு கிருமியோடு நன்றாகப் போராடுகிறது என்றுதானே அர்த்தம்? கோவிட் வார்டில் மட்டும் அதைப் பார்த்து டாக்டர்கள் ஏன் கவலைப்பட்டார்கள்?" வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

ரத்த அறிக்கையில் மொத்த எண்ணிக்கைக்குக் கீழே 'டிஃபரன்ஷியல் கவுண்ட்' என்று, வெள்ளணுக்களை வகைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஒரு பகுதி இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வெள்ளணுக்கள் உண்டு. அவற்றில் நியூட்ரோஃபில் 40–70%, லிம்ஃபோசைட் 20–40%. முன்னதைப் பின்னதால் வகுத்தால் பெரும்பாலும் 1 முதல் 3-க்குள் வரும். கோவிட் முற்றியவர்களுக்கு லிம்ஃபோசைட் சரிந்து நியூட்ரோஃபில் ஏறும். விகிதம் பல மடங்காகிவிடும். அதாவது, வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்லும் லிம்ஃபோசைட் படை மெலிந்து, பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அடிக்கும் நியூட்ரோஃபில் படை நுரையீரலில் குவிகிறது.

குவியக் காரணம், அடிபட்ட திசுவும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் வெளியிடும் இன்டர்லூக்கின்-8 போன்ற அழைப்பு வேதிகள். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். வந்து சேர்ந்த நியூட்ரோஃபில் அடுத்துச் செய்வதுதான் அற்புதம்.

அது தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசுகிறது.

ஒரு செல்லின் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர். அது ஹிஸ்டோன் புரதங்களில் நூல்கண்டுபோல் சுற்றியிருக்கிறது. டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம், ஹிஸ்டோனுக்கு நேர்மின்னூட்டம். பிடிப்புக்குக் காரணமே அந்த ஈர்ப்பு. பி.ஏ.டி-4 என்ற நொதி ஹிஸ்டோனிலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலினாக மாற்றி நேர்மின்னூட்டத்தைக் குறைக்கிறது. பிடி தளர்கிறது. எலாஸ்டேஸ் நொதியும் உட்கருவுக்குள் புகுந்து ஹிஸ்டோன்களை நறுக்குகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டு முதல் ஐந்து மடல்களாக இருந்த உட்கரு மெல்ல உப்பி உருண்டையாவது தெரியும். பிறகு உட்கருச் சவ்வு கிழிகிறது, கடைசியில் செல்லின் வெளிச்சவ்வும் கிழிகிறது. இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் செல் இறந்து, அந்த இடத்தில் ஒட்டடைபோல் பிசுபிசுத்த இழைகள் மிதக்கும்.

பெர்லினிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஆர்துரோ சிக்லின்ஸ்கியின் குழு 2004-இல் இதை வெளியிட்டபோது, ஆராய்ந்துகொண்டிருந்தது பாக்டீரியாவை. அந்த அறிவு 2020-இல் நுரையீரல் மருத்துவர்களுக்குக் கைகொடுத்தது. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்கு நிதி மறுப்பது பெரிய தவறு என்பேன்.

பாக்டீரியாவைச் சிக்கவைக்க இந்த வலை உதவும். நுரையீரலின் தந்துகிக்குள், அதாவது மிக நுண்ணிய ரத்தக்குழாய்க்குள், விரித்தால் ஆபத்து. வலையில் வெளிப்பட்ட ஹிஸ்டோன் ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களைக் கொல்கிறது. கசியும் நீர் காற்றறைகளை நிரப்புகிறது. இழைகளில் தட்டணுக்கள் ஒட்டி ரத்தம் உறைகிறது. இறந்தவர்களின் நுரையீரலை ஆராய்ந்தபோது, நுண்குழாய்களில் இந்த வலையும் தட்டணுவும் சேர்ந்த அடைப்புகள் இருந்தன. சாதாரணமாக ரத்தத்திலுள்ள டி.என்.ஏஸ் நொதி வலையைக் கரைத்துவிடும். கரைக்கும் வேகத்தைவிட வீசும் வேகம் கூடும்போதுதான் சிக்கல்.

'எதிர்ப்பு சக்தியை ஏற்றும்' பொடிகளை இந்தக் கட்டத்தில் நம்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இங்கே தேவை அழற்சியைத் தணிப்பது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் கோவிட் நோயாளிகளுக்கு நாளுக்கு 6 மி.கி. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் இறப்பு 41.4%-இலிருந்து 29.3% ஆனது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. வைரஸ் பெருகும் முதல் நாள்களில் அழற்சியை அடக்கினால் தேவையான தற்காப்பும் சேர்ந்து அடங்கிவிடும்.

இன்னொரு கவனம்: குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில்களை ஸ்டீராய்டு ரத்த ஓட்டத்துக்குள் இறக்கிவிடும். அதனால் மருந்து தொடங்கிய மறுநாள் எண்ணிக்கை ஏறினால், நோய் முற்றிவிட்டது என்று அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் சர்க்கரை அளவைத் தினமும் பார்த்தே ஆக வேண்டும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை ஏறினால் நியூட்ரோஃபிலின் கொல்லும் திறன் குறையும். 2021-இல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை அவ்வளவு பேரைத் தாக்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.