டெல்டா: சொல்லும் மண்ணும்

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் ‘டெல்டா’ இன்று ஊர்ச்சொல் ஆகிவிட்டது. ‘நாங்க டெல்டாக்காரங்க’ என்று சொல்லும்போது யாருக்கும் அது அயல்சொல்லாகப் படுவதில்லை. ஆனாலும் இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று தேடிப் பார்ப்பது வீண்வேலை அல்ல. தேடும் வழியில் ஆற்றைப் பற்றியும் அணையைப் பற்றியும் ஒரு உண்மை கையில் சிக்குகிறது.

டெல்டா என்பது கிரேக்க நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து, முக்கோண வடிவம். பீனிசியரின் ‘தாலெத்’ என்ற எழுத்திலிருந்து வந்தது. தாலெத் என்றால் கதவு. நைல் ஆறு கிளைகளாகப் பிரிந்து கடலைச் சேரும் நிலம் முக்கோணமாக இருந்ததால் கிரேக்கர்கள் அதை அந்த எழுத்தின் பெயராலேயே அழைத்தார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியபோதே அது வழக்கில் இருந்த பெயர்தான். இந்த நிலம் ஆறு தந்த கொடை என்றும் அவர் எழுதினார். பிற்காலத்தில் எல்லா ஆறுகளுக்கும் அந்தப் பெயர் பரவியது. மிசிசிப்பியின் டெல்டா பறவைக் காலைப் போல விரிந்து கிடக்கிறது. முக்கோணம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். பலரும் சொல்வது ‘கழிமுகம்’. கழி என்றால் உப்பங்கழி. ஆறு கடலில் கலக்கும் வாய்தான் கழிமுகம். முகத்துவாரமும் அதுதான். ஆறு கடலில் புகும் இடமான ‘புகார்’ காவிரிப்பூம்பட்டினத்துக்குப் பெயராகவே அமைந்தது. மூன்றும் நல்ல சொற்கள், ஆனால் மூன்றும் ஓர் இடத்தை மட்டும் சுட்டுகின்றன. கல்லணையில் தொடங்கி நாகப்பட்டினம் வரை விரிந்த நிலம் முழுவதையும் கழிமுகம் என்றால் மன்னார்குடிக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

என் தேர்வு ‘படுகை’. படிதலைக் குறிக்கும் படு என்ற வினையோடு ‘கை’ சேர்ந்து வந்த சொல், செய்கை, வருகை போல. காவிரிக்கரை ஊர்களில் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே வண்டல் படிந்த நிலத்தைப் படுகை என்பார்கள். இன்று ஆற்றின் மொத்த வடிநிலத்தையும் ‘காவிரிப் படுகை’ என்று எழுதுவதால், குழப்பம் வராமல் ‘வண்டற்படுகை’ என்று சொல்லலாம். டெல்டா வடிவத்தைச் சொல்கிறது. படுகை, அந்த நிலம் உண்டான விதத்தையே சொல்கிறது.

அந்த விதம் ஒரு குடத்துக்குள்ளேயே தெரியும். புதுவெள்ளம் வரும் நாளில் ஆற்றிலிருந்து ஒரு குடம் மொண்டு வந்தால் தண்ணீர் செங்கலைக் கரைத்தது போல இருக்கும். பாட்டிமார் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து வைப்பார்கள். ஆட்டாமல் விட்டால் தண்ணீர் தெளியும், அடியில் விரலால் வழிக்கிற அளவுக்கு மாவு போன்ற மண் தங்கும். ஓடுகிற நீர் மண்ணைச் சுமக்கும், நின்ற நீர் இறக்கி வைக்கும். ஆறு கடலுக்குப் பக்கத்தில் வேகம் குறைந்து இறக்கி வைத்ததுதான் படுகை.

குறுக்கே பெரிய அணை வந்தால் நீர் அங்கேயே நின்றுவிடுகிறது. அப்புறம் மண்ணும் அங்கேயே படுகிறது. அதாவது, படுகை அணைக்குள் இடம் மாறிவிடுகிறது.

நைலே இதற்குச் சாட்சி. எகிப்தில் நைலின் குறுக்கே அஸ்வான் உயரணையின் வேலை 1960இல் தொடங்கியது, 1964இல் நீர் தேங்கத் தொடங்கியது, 1970இல் கட்டி முடித்தார்கள். அணைக்கு முன் ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கும் மேல் ஆற்றோடு வந்த வண்டலில் ஏறக்குறைய எல்லாமே அணையின் நீர்த்தேக்கமான நாசர் ஏரியில் தங்கிவிட்டது. நைலின் ஒரு கிளை கடலைச் சேரும் ரொசெட்டா முனையில் முன்பே இருந்த கடலரிப்பு வேகமெடுத்தது. வெள்ளம் கொண்டுவந்த சத்தை நம்பிக் கடலில் நுண்பாசி பெருகும், அதைத் தின்ன மத்தி மீன் கூட்டமாக வரும். 1962இல் சுமார் 18,000 டன் இருந்த மத்திப் பிடிப்பு சில ஆண்டுகளில் சில நூறு டன்னாகச் சரிந்தது. இன்னொன்று: மண்ணைக் கழித்துவிட்டு வரும் தெளிந்த நீரை ஆற்றியலாளர்கள் ‘பசித்த நீர்’ என்கிறார்கள். சுமை இல்லாத அந்த நீர் போகிற வழியில் ஆற்றின் அடியையும் கரையையும் அரித்துத் தின்னும்.

காவிரியில் கல்லணை இப்படிப்பட்டது அல்ல. அது தேக்குவதற்கு அல்ல, திருப்பிவிடுவதற்குக் கட்டியது. தேக்கும் அணைகள் பிறகு வந்தவை: கிருஷ்ணராஜ சாகர் 1931, மேட்டூர் 1934. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பாசனத்துக்கு அந்த நீர் எவ்வளவு வேண்டும் என்பது கடைமடைக்காரருக்குத் தெரியும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அணை திறக்கும் செய்தியில் நீர் எத்தனை கன அடி என்று வருகிறதே தவிர, மண் எவ்வளவு வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது எனக்கு வருத்தம்.

நம் மொழி இந்த மண்ணுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறது. வயலில் படிந்தால் வண்டல், ஏரியிலோ அணையிலோ படிந்து இடத்தை அடைத்தால் தூர். அதனால்தான் ஏரி ‘தூர்ந்துபோனது’ என்கிறோம், ‘தூர் வாருகிறோம்’. 2017இல் மேட்டூர் அணையில் தூர் வாரத் தொடங்கினார்கள், கட்டி 83 ஆண்டுகளுக்குப் பிறகு. வாரிய மண்ணை உழவர்கள் வயலுக்கு ஏற்றிச் சென்றார்கள். வண்டியில் ஏறும்வரை அது தூர், வயலில் கொட்டியதும் வண்டல்.