எல்லாம் டி டிரைவில் இருக்கிறது, தம்பி

“சி-யில் ஒன்றும் இல்லை தம்பி. எல்லாம் டி டிரைவில் இருக்கிறது. நீங்கள் அடித்துவிடுங்கள்.”

கணினி பழுது பார்க்கும் தொழிலுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நாளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். “எவ்வளவு ஆகும்?” என்பதற்குக்கூட இரண்டாம் இடம்தான். விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்ட பிறகு, ‘ஃபார்மட் அடித்து (டிரைவில் இருப்பதை அழித்து)ப் புதிய விண்டோஸ் போட வேண்டும்’ என்று வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அந்த வாக்கியமும் கூடவே வருகிறது. அதை நம்பி நான் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் தவறு என்னுடையது.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆவணி மாதம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சிறிய அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், அறுபதைத் தாண்டியவர், சிபியுவை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் நோட்டீஸ் என்று எல்லாவற்றையும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் தட்டச்சு செய்கிறவர். டி டிரைவில் ஊர் வாரியாக ஃபோல்டர் போட்டு, அவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தார். நானும் டி-யைத் தொடாமல் சி-யை அடித்து, விண்டோஸ் போட்டு, பேஜ்மேக்கரைப் போட்டு, கடையில் இருந்த தமிழ் எழுத்துருத் தொகுப்பையும் ஏற்றிக் கொடுத்தேன். வழக்கமான வேலைகளைத் திறந்து பார்த்தோம், எல்லாம் சரியாக வந்தது. காசை வாங்கிக்கொண்டேன், மறந்தும் போனேன்.

பங்குனியில் தொலைபேசி வந்தது. சாஸ்தா கோயில் நோட்டீஸ். உத்திரத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. போன வருடத்து ஃபைலைத் திறந்தால் தலைப்பு முழுக்க ஆங்கில எழுத்தாக நிற்கிறது. போய்ப் பார்த்தேன். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற குறியீட்டு முறை வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவர்களுக்கு இது புரியும். பாமினி வகை எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், கணினி உள்ளே சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். அதற்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துருக் கோப்பு. அது இல்லையென்றால் நோட்டீஸில் சாஸ்தாவும் இல்லை, சப்பரமும் இல்லை. அந்தத் தலைப்புக்கான அலங்கார எழுத்துரு, வருடத்துக்கு ஒரே ஒரு முறை பயன்படுவது, சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் கிடந்தது. ஏழு மாதங்களுக்கு முன்பே அதை நான் அடித்துவிட்டேன்.

அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை. அவர் ‘வைத்த’ பொருள் எல்லாம் டி-யில்தான் இருந்தது. அவர் வைக்காமல், மென்பொருள்கள் தாமாகவே வைத்துக்கொண்ட பொருள்தான் சி-யில் இருந்தது. காப்பு நகல் எடுக்கும் வேலையில் முக்கால்வாசிச் சிக்கல் இங்கேதான்.

முதலில் இந்த டி டிரைவ் நம்பிக்கையைப் பார்த்துவிடுவோம். பெரும்பாலான கணினிகளில் சி-யும் டி-யும் ஒரே ஹார்டு டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். இட்லிப் பானையின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் மாதிரி. பானை ஓட்டையானால் எந்தத் தட்டில் மாவு ஊற்றியிருந்தாலும் வேகாது. சி-யிலிருந்து டி-க்கு நகல் எடுத்து வைப்பது விண்டோஸ் கெட்டுப்போனால் உதவும், டிஸ்க்கே கெட்டுப்போனால் உதவாது. இன்னொன்று: டெஸ்க்டாப்பில் போட்டு வைத்தது கண்ணெதிரே இருப்பதால், அது எங்கேயோ தனியாக இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும், யாரும் இடம் மாற்றி வைக்காதவரை, சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள்தான் இருக்கின்றன.

ஆகவே இப்போதெல்லாம் ‘என்னென்ன ஃபைல் வேண்டும்?’ என்று நான் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு யாருக்கும் சரியான பதில் தெரியாது. காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் எதைத் திறப்பீர்கள்? மாதக் கடைசியில் எதை? வருடத்தில் ஒரே ஒரு முறை எதை? இப்படிக் கேட்டால் பதில்கள் தாமாக வரும். “காலையில் மெயில் பார்ப்பேன்” என்றால் அவுட்லுக்கா, பிரவுசரா என்று தொடர்ந்து கேட்பேன். அவுட்லுக் மென்பொருளில், கடிதங்களைக் கணினிக்கே கொண்டுவரும் பாப் என்ற முறையில் மெயில் இறக்குகிறவர்களுக்குப் பழைய கடிதங்கள் சர்வரில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பிஎஸ்டி என்ற ஒரே கோப்புக்குள் பத்து வருடக் கடிதமும் அடைந்து கிடக்கும். அது போனால் எல்லாம் போயிற்று.

“மாதக் கடைசியில் டேலி” என்பார்கள், கணக்கு எழுதும் மென்பொருள். டேலிபிரைமை நிறுவும்போது இடத்தை மாற்றாமல் விட்டிருந்தால், கணக்கு முழுவதும் சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டேலிபிரைம் என்ற இடத்தில் இருக்கும். உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரை முழுதாக நகல் எடுத்தாலும் அது வராது, ஏனென்றால் பப்ளிக் என்பது பக்கத்து ஃபோல்டர். டேலியின் லைசென்ஸை ஃபார்மட்டுக்கு முன்பே சரண்டர் செய்துவிட்டால் (திருப்பி ஒப்படைத்துவிட்டால்) பிறகு ஆக்டிவேட் செய்யும்போது அலைச்சல் இருக்காது.

பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் ஒரு தனி வம்பு. குரோமின் தரவு, மறைந்திருக்கும் ஆப்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் இருக்கிறது. அதை அப்படியே நகல் எடுத்து, புதிய விண்டோஸில் ஒட்டினால் புக்மார்க்குகள் வந்துவிடும், கடவுச்சொற்கள் வராது. பழைய விண்டோஸில் இருந்த உங்கள் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை அவை. பழைய விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே கூகுள் கணக்கோடு ஒத்திசைக்க வேண்டும், அல்லது கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். அந்தக் கோப்பில் கடவுச்சொற்கள் யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள்; சர்வீஸ் கடைக்காரனான என்னிடம்கூடக் கொடுக்காதீர்கள்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இருக்கிறதே என்பார்கள் இளைஞர்கள். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. அது நிரம்பிய பிறகு புதிதாக எதுவும் மேலே போகாது, ஓரத்தில் வரும் எச்சரிக்கையை யாரும் படிப்பதும் இல்லை. தவிர, மேகப் படம் போட்ட கோப்புகள் கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் தெரிகிறது. நீங்கள் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கண்ணாடி மாதிரி அது. பெட்டகம் மாதிரி இல்லை.

அடித்த பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்ற தைரியம் ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் செய்தால் அழிவது பெரும்பாலும் அட்டவணை மட்டும்தான். புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்த மாதிரி, பக்கங்கள் அப்படியே கிடக்கும். மேலே புதிதாக எதுவும் எழுதப்படாதவரை மீட்பு மென்பொருள் கொண்டு எவ்வளவோ எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. ஃபார்மட் செய்த உடனேயே ‘இந்த இடங்கள் இனி வேண்டாம்’ என்று டிரிம் என்ற கட்டளையை விண்டோஸ் அனுப்பிவிடுகிறது, எஸ்எஸ்டி அவற்றைத் துடைத்துவிடுகிறது. சென்ற ஆண்டு முனைவர் பட்ட மாணவி ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். வேறெங்கோ விண்டோஸ் போட்டதில் டெஸ்க்டாப்பில் இருந்த இரண்டு அத்தியாயங்கள் போய்விட்டன. மென்பொருளை ஓடவிட்டுக் கோப்பைத் திறந்து காட்டினேன், வரிசையாகப் பூஜ்யங்கள். அவர் நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பழைய வரைவு ஒன்று மட்டும் கிடைத்தது. அதற்கு நான் காசு வாங்கவில்லை, என்னால் எதுவும் செய்யவும் முடியவில்லை.

இந்த இரண்டுக்கும் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் எளிமையானது: முடிந்தவரை பழைய டிஸ்க்கை அடிப்பதே இல்லை. புதிதாக ஓர் எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸ் போடுகிறேன். பழையதைக் கழற்றி, தேதி எழுதிய சீட்டை ஒட்டி வாடிக்கையாளரிடமே கொடுக்கிறேன். மறந்துபோனது எதுவானாலும் யூஎஸ்பி கேசிங்கில் (டிஸ்க்கை வெளியிலிருந்து மாட்ட உதவும் உறை) போட்டு எடுத்துக்கொள்ளலாம். செலவு கூடத்தான். ஆனால் பழைய டிஸ்க்கே மெதுவாகி, ‘டக் டக்’ என்று சத்தம் போட ஆரம்பித்ததால்தான் பாதிப் பேர் விண்டோஸ் மாற்ற வருகிறார்கள். நோயாளியின் முதுகிலேயே மூட்டையை ஏற்றுவானேன்?

இதிலும் ஒரு கண்ணி உண்டு. புதிய லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவும்போது இது இன்னும் பரவலாக நடக்கிறது. கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்த மின்னஞ்சல்? “வாங்கும்போது கடைக்காரர் ஏதோ போட்டுக் கொடுத்தார்.” விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சாவியை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

புதிய டிஸ்க் வாங்க வழியில்லை, நகல் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்க்கே நல்லது. பெயர் தெரியாத 2 டிபி பென்டிரைவ் சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். உள்ளே 32 ஜிபிதான் இருக்கும், கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும். நகல் எடுக்கும்போது எந்தப் பிழையும் வராது, திறக்கும்போதுதான் தெரியும். நல்ல பென்டிரைவானாலும் எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. கல்யாண வீடியோவும் பெரிய பிஎஸ்டியும் நிற்பது அங்கேதான்.

நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். விநாடிக்கு 30 எம்பி போகும் பழைய யூஎஸ்பி வழியில் 300 ஜிபிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். யூஎஸ்பி 3-இன் நீல நிற வாயில் மாட்டி 100 எம்பி போனால் ஐம்பது நிமிடம். ‘அரை மணியில் முடித்துத் தாருங்கள்’ என்று வாசலில் நிற்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நான் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கருவியைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் இயல்பு அமைப்பு விசித்திரமானது. படிக்க முடியாத ஒரு கோப்புக்காகப் பத்து லட்சம் முறை முயலும், முறைக்கு முப்பது விநாடி காத்திருக்கும். பெருக்கிப் பார்த்தால் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முறை முயன்றால் போதும் என்று சொல்லி ஓடவிட வேண்டும்.

நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்பு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பிறகு அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி, பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். வேறொரு கணினியில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுதளத்தை அழித்துவிட்டார். கைவசம் ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தன, ஒன்றுகூடச் சரியாக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு அதே பொறியாளர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. மென்பொருளையே தொழிலாகச் செய்பவர்களின் நிலை இது. நம் வீட்டு ஹார்டு டிஸ்க்கை யார் திறந்து பார்த்தார்கள்?

விண்டோஸை நிறுவத் தொடங்குவதற்கு முன்பு, நகல் இருக்கும் டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கி மேசை டிராயரில் வைத்துவிடுங்கள். விண்டோஸ் நிறுவும் திரையில் சி, டி என்ற எழுத்துகளைப் பார்க்க முடியாது. டிஸ்க் 0, டிஸ்க் 1, பார்ட்டிஷன் 1, 2, 3 என்று வரிசையாக நிற்கும், பக்கத்தில் அளவு மட்டும் இருக்கும். பேக்கப் டிஸ்க்கும் மாட்டியே இருந்தால் அதுவும் அந்த வரிசையில் நின்றுகொண்டிருக்கும். இரவு ஒன்பது மணிக்கு, கடைசி வேலையாக அதைச் செய்கிறவனின் விரல் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், அது என் விரல்.

அண்ணாச்சியின் எழுத்துரு கிடைத்ததா என்றால், கிடைத்தது. அச்சகத்துப் பரணில் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து சிபியு ஒன்று சாக்கில் சுற்றிக் கிடந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் நெற்றியில் காய்ந்து போயிருந்தது. 40 ஜிபி டிஸ்க். கழற்றி, தூசி தட்டி, என் கடையில் மாட்டினேன். முதல் முறை சுற்றவில்லை. இரண்டாவது முறை ஒரு முனகலோடு சுற்றியது. ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் முதலில் இழுத்தேன், வேறு எதையும் திறக்கவில்லை. நோட்டீஸில் சாஸ்தா திரும்பி வந்தார்.

“அந்தப் பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடலாமா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“உங்களிடமே இருக்கட்டும் தம்பி” என்றார். இன்னும் என் டிராயரில்தான் இருக்கிறது.